ஊரிகத்துக் குடும்பங்களின் வேர்த்தேடல்: ஓர் அமெரிக்க வம்சாவளியை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

1874-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஒரு வம்சாவளி நூல் வெளிவந்தது. கனெக்டிகட்டில் உள்ள ஹார்ட்ஃபோர்டின் முதற்குடிகளில் ஒருவர் தாமஸ் ஆல்காட். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய அந்த ஒருவரிடமிருந்து கிளைத்த சந்ததியைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கிக்காட்டும் நூல் அது. நத்தானியேல் குட்வின் 1845-இல் தொகுத்ததைத் திருத்தி, முன்னுரை சேர்த்து மறுபதிப்புக் கொண்டுவந்தவர் அந்தக் குடும்பத்தின் வாரிசான ஹென்றி ஸ்டீல் ஆல்காட். மறு ஆண்டே நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவரும், 1882-இல் அடையாறில் அதற்குத் தலைமையிடம் அமைத்தவரும், 1894 முதல் சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தியவருமான கர்னல் ஆல்காட்தான் அவர்.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். அந்தச் சங்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்விட்ட இடம் கோலார் தங்கவயல். மாரிகுப்பத்தில் எம்.ஒய். முருகேசர், சாம்பியன் ரீஃபில் ஜி. அப்பாதுரையார் என்று ஒரு தலைமுறையே அங்கே எழுந்தது. தங்கவயலின் இன்னொரு பகுதியான ஊரிகத்தின் ரயில் நிலையத்திலிருந்து இவ்விரண்டு இடங்களுக்கும் ஒரே கிளைப் பாதைதான்.

கொழும்பில் பண்டிதருடன் நின்ற ஆல்காட்டால் தம் முன்னோரை 200 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சொல்ல முடிந்தது. அவரால் ஊக்கம் பெற்ற இயக்கத்தில் சேர்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் கொள்ளுப்பேரனிடம் இன்று கேட்டால், தாத்தாவின் அப்பா பெயரோடு பேச்சு நின்றுவிடும். ‘குடியாத்தம் பக்கம்’ என்பார். ஊர்ப் பெயர் தெரியாது. இந்த இடைவெளி எப்படி உண்டானது, அதை எந்த அளவுக்கு நிரப்ப முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் மக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அது தவறான விளக்கம். ஒருவர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்ற தேவை யாருக்கு இருந்தது, எதற்காக இருந்தது என்று கேட்டால்தான் ஊரிகத்தின் கதை பிடிபடும்.

2. ஆல்காட் குடும்பம் எப்படி எழுதப்பட்டது

நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊர் எழுத்தர் பதிய வேண்டும் என்ற சட்டம் மாசசூசெட்ஸில் 1639-லேயே வந்துவிட்டது. கூடவே நிலப்பங்கீட்டுப் பதிவேடு, திருச்சபை உறுப்பினர் பட்டியல், உயில் நீதிமன்றக் கோப்பு ஆகியவையும் இருந்தன. ஒருவர் இறந்தால் அவர் வீட்டுப் பானை, படுக்கை, கறவை மாடு வரை விலை போட்டுப் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். சொத்தைப் பிரிக்க வாரிசுகளின் பெயர் தேவைப்பட்டது. பெயர் இருந்ததால் பின்னாளில் வம்சாவளி எழுத முடிந்தது. குட்வினின் முதல் பதிப்பு வந்த அதே 1845-இல்தான் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வம்சாவளி வரலாற்றுச் சங்கமும் தொடங்கியது. நிலம் வைத்திருந்தவனின் வரலாறு, நிலத்தோடு சேர்ந்தே எழுதப்பட்டது.

அதே அமெரிக்காவில் இன்னொரு கூட்டத்தின் நிலை வேறு. 1850, 1860 குடிக்கணக்குகளில் அடிமைகளுக்கெனத் தனிப் படிவம் இருந்தது. அதில் உடைமையாளர் பெயர் உண்டு. அடிமையின் வயது, பால், நிறம் உண்டு. அடிமையின் பெயர் மிகப் பெரும்பாலும் கிடையாது. விடுதலைக்குப் பின் எடுத்த 1870 கணக்கில்தான் அந்த மக்கள் முதன்முறையாகப் பெயரோடு வரிசையாக வருகிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் தேடல் பலவும் அந்த ஆண்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஆல்காட் குடும்பத்தின் வெற்றியை மட்டும் பார்த்து ‘அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார்கள்’ என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். ஊரிகத்தை ஹார்ட்ஃபோர்டோடு ஒப்பிடுவதைவிட இந்த 1870-ஆம் ஆண்டுச் சுவரோடு ஒப்பிடுவது பொருத்தம் என்பது என் கருத்து.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குடிக்கணக்கின் பெயர்ப் படிவங்கள் 72 ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இந்தியாவில் வீடு வீடாக நிரப்பிய படிவங்கள் எண்ணிக்கை எடுத்து முடித்ததும் அழிக்கப்பட்டன. 1911 கணக்கெடுப்பின்போது தம்மைப் பௌத்தர் என்று பதியும்படி அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் எழுதியது. அதைக் கேட்டு அப்படிப் பதிந்தவர்களின் தொகை அச்சில் இருக்கிறது. ஆட்களின் பெயர் இல்லை.

3. ஊரிகத்துக்கு வந்தவர்கள்

3.1 சுரங்கமும் குடியேற்றமும்

1802-இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கத்து ஊர்மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதினார். 1870-களில் மைக்கேல் லவேல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் சுரங்கம் நிலைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து சுரங்கங்கள் அதே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பம் வரை ரயில் ஓடியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1901 கணக்கில் இங்கே 38,204 பேர். 20 ஆண்டுக்கு முன்பு அங்கே நகரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

மேலே இருந்தவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த ‘கேப்டன்’மார்கள். இத்தாலியரும் சிலர் வந்தனர். அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியர். காவலுக்குப் பஞ்சாபியர். சுரங்கத்துக்குள் இறங்கிய பெருங்கூட்டம் தமிழ், தெலுங்கு பேசும் மக்கள். அதிலும் பெரும்பங்கு வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் ஆதிதிராவிடர். 1876–78 தாது வருஷப் பஞ்சம் அவர்களின் ஊர்களைச் சூறையாடி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பண்ணையில் படி நெல்லுக்கு உழைத்தவனுக்குச் சுரங்கத்தில் காசாகக் கூலி. உயிர் ஆபத்து இருந்தும் கூட்டம் வந்துகொண்டே இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

3.2 கடல் தாண்டாதவர்கள்

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். உடலில் உள்ள தழும்பைக்கூட எழுதினார்கள். இன்று டர்பனில் இருக்கும் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்து ‘வட ஆர்க்காடு, குடியாத்தம், இன்ன கிராமம்’ என்று விரல் வைக்க முடிகிறது.

அதே கிராமத்திலிருந்து, அதே ஆண்டில், அண்ணன் நேட்டாலுக்கும் தம்பி ஊரிகத்துக்கும் போனதாக வைத்துக்கொள்வோம். அண்ணனின் கொள்ளுப்பேரனுக்குக் கிராமப் பெயர் கிடைக்கும். தம்பியின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைக்காது. கடல் தாண்டிப் போகிறவனைப் பதியச் சட்டம் இருந்தது. அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒப்பந்தக் காலம் கணக்கிட வேண்டும் என்பதால் முதலாளிக்கும் அந்தத் தாள் தேவைப்பட்டது. ஜோலார்பேட்டையில் வண்டி மாறி மைசூர் சமஸ்தானத்துக்குள் போகிறவனை நிறுத்திப் பெயர் கேட்க ஆள் இல்லை. தொலைவு கூடக் கூடத் தடயம் அதிகம். பக்கத்தில் போனவனே காணாமல் போனான்.

ஊரிகத்துக்கு வந்த தம்பிக்குச் சொந்த ஊரிலும் நிலம் இல்லை. சிட்டா, அடங்கல் எதிலும் அவன் பெயர் இருக்காது. சென்னை மாகாணத்தின் 1899 சட்டப்படி கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருந்தன. ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்பே பதிவு முடிந்துவிடும். ‘இன்னாருக்கு ஆண்’ என்று மட்டும் இருக்கும். தந்தை பெயரைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

3.3 மாவட்டம் மாறிய ஊர்கள்

பழைய தாளில் ‘சேலம் ஜில்லா, திருப்பத்தூர்’ என்று இருந்தால் எழுதியவர் தவறு செய்ததாக நினைக்கக் கூடாது. திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டுக்குப் போனது. 2019-இல் தனி மாவட்டம் ஆனது. பலமனேர் 1911 வரை வட ஆர்க்காடு. அந்த ஆண்டு பிறந்த சித்தூர் மாவட்டத்துக்கு மாறியது. கிருஷ்ணகிரி 1965 வரை சேலம், 2004 வரை தருமபுரி. எந்த ஆவணக் காப்பகத்தில் எந்தக் கட்டில் தேடுவது என்பதை ஆண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் உரிகம் என்று வேறு ஓர் ஊர் இருப்பதையும், நம் ஊரிகத்தையே கம்பெனி ஒரு விதமாகவும் ரயில்வே வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியதையும் தேடுபவர் நினைவில் வைத்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

4. கம்பெனியின் எழுத்து

4.1 யாருடைய பெயர் நின்றது

ஊரிகத்தில் புல்லன் ஷாஃப்ட், சாம்பியனில் கிஃபோர்டு ஷாஃப்ட், நந்திதுர்க்கில் ஹென்றி ஷாஃப்ட். மேலே வேலை பார்த்தவர்களின் பெயர்கள் கிணறுகளுக்கே சூட்டப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. அந்த ஆழம் வரை துளைபோட்டு, வெடி வைத்து, பாறை வெடிப்பில் செத்தவர்கள் ஆண்டறிக்கைகளில் காரணவாரியான எண்ணிக்கையாக வருகிறார்கள்.

கார்ன்வால் கேப்டனின் குடும்பத்தைத் தேடுபவருக்கு வழி எளிது. சுரங்கப் பகுதியில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் சென்னை மாகாணத் திருச்சபைக் கணக்கோடு லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அந்த வரிசை 1698-இல் தொடங்குகிறது. இங்கிலாந்து ஊர்த் திருச்சபைப் பதிவேடுகளோ 1538-இலிருந்து. ஊரிகத்தில் இறந்த ஒருவரைப் பிடித்துக் கார்ன்வாலில் பத்து தலைமுறை மேலே ஏற முடியும். இதற்கென்றே பிரிட்டனில் 1998 முதல் ஒரு குடும்ப வரலாற்றுச் சங்கமும், கல்லறைகளைப் பதிய 1976 முதல் இன்னொரு சங்கமும் இயங்குகின்றன.

தொழிலாளி கம்பெனியின் நேரடி ஆளாகக்கூட இருந்ததில்லை. ஆரம்பப் பத்தாண்டுகளில் பெரும்பாலோர் கான்ட்ராக்டரின் ஆட்கள். பெயர் மேஸ்திரியின் நோட்டில். கம்பெனிக்குத் தெரிந்தது தலைக்கணக்கு. மேஸ்திரியின் நோட்டு கூலிப் பட்டுவாடா முடிந்ததும் வேண்டாத தாள்.

4.2 1930: கைரேகை

இந்த ஆய்வின் மையம் இந்த இடம்தான். 1930-இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர் அனைவரையும் கைரேகையோடு பதிவு செய்ய முனைந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு, ஒரு ரேகை, ஒரு எண். வம்சாவளி தேடுபவர் கனவு காணக்கூடிய பதிவேடு அது. அதை எதிர்த்துத் தங்கவயலே நின்றது. ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. வலுவான தொழிற்சங்கம் என்று எதுவும் இல்லாத காலத்தில், ‘லைன்’ எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லைன் லைனாகப் பேசி, ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். தங்கவயல் தொழிலாளர் பற்றி விரிவாக ஆராய்ந்த ஜானகி நாயர் இந்தப் போராட்டத்துக்குத் தம் நூலில் முக்கிய இடம் கொடுத்திருக்கிறார்.

ஏன் எதிர்த்தார்கள்? கைரேகை எடுப்பது போலீஸ் ஸ்டேஷனில், திருடனுக்கு. சுரங்கப் பகுதியில் பொன் திருட்டைத் தடுக்க 1897 முதலே கடுமையான தனிச் சட்டம் இருந்தது. கையில் பொன் கலந்த மண் இருந்தாலே குற்றம். தொழிலாளி ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் சோதனைக்கு நின்றான். இதற்கு மேல் ரேகையும் கொடுத்தால் தன்னைக் குற்றவாளியாகத் தானே ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று கருதினான். இன்னொன்றும் உண்டு. ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு தகராறு வந்தால், வெளியேறி, வேறு பெயரில் அடுத்த சுரங்கத்தில் சேர்ந்துகொள்ளலாம். சாமான்யனிடம் இருந்த ஒரே பேரம் பேசும் பலம் அதுதான். ஐந்து சுரங்கத்துக்கும் நிர்வாகம் ஒன்று. ரேகைப் பதிவேடு வந்துவிட்டால் அந்தக் கதவு அடைந்துவிடும்.

ஆக, முன்னோர் தாளில் இல்லாததற்குப் பாதிக் காரணம் கம்பெனியின் அலட்சியம். மறுபாதி, முன்னோரின் சொந்த முடிவு. தங்களைப் பிடித்து வைக்கும் எழுத்தை அவர்கள் மறுத்தார்கள். இன்று அந்தப் பதிவேட்டுக்காக ஏங்கும் பேரனாகவே இருந்தாலும் 1930-இல் அவர்கள் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஹார்ட்ஃபோர்டில் பெயர் எழுதிக்கொண்டவனுக்கு அது நிலத்தைத் தந்தது. ஊரிகத்தில் பெயர் எழுதிக்கொண்டவனுக்கு அது தளையாக வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஒருவருக்கு வரலாற்று உணர்வு உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்று பேசுவது அநியாயம்.

இதிலிருந்து முறையியலுக்கு ஒரு விதி கிடைக்கிறது. 1930-க்கு முந்திய கம்பெனித் தாளில் ‘முனுசாமி’ என்று கிடைத்தால் அதை வீட்டில் அழைத்த பெயர் என்று உடனே முடிவு செய்யக் கூடாது. அது சுரங்கம் மாறியபோது எடுத்துக்கொண்ட பெயராக இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து எந்த இணைப்பையும் உறுதி செய்யாமல், தந்தை பெயர், லைன், மனைவி பெயர் மூன்றில் இரண்டேனும் பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

4.3 அரசுடைமைக்குப் பின்

1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாகி ஊரிகத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இந்தக் காலத்துப் பணிப்பதிவேடும், வருங்கால வைப்பு நிதிக்கான நியமனப் படிவமும் குடும்ப வரலாற்றுக்குப் பொக்கிஷம். நியமனப் படிவத்தில் மனைவி, பிள்ளைகள், சில சமயம் விதவைத் தாய் வரை பெயரும் வயதும் இருக்கும். சங்கம் வளர்ந்து, பதிவு என்பது பென்ஷனுக்கும் இழப்பீட்டுக்கும் வழி என்று ஆன பிறகு, தொழிலாளிகளே தம் பெயரைத் திருத்தமாக எழுதும்படி ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ரேகை கொடுக்க மறுத்தவர்களின் மகன்கள்தான் பெரும்பாலும் அவர்கள்.

5. கோயிலும் பத்திரிகையும்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. மைசூர்ப் பகுதி பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்களின் பொறுப்பில் இருந்தது. சாம்பியன் ரீஃபின் வெற்றி மாதா ஆலயம் அந்தக் காலத்தது. இத்தகைய பங்குகளின் பழைய பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். வீட்டில் அந்தோணி என்று கூப்பிட்டவர் அதில் அந்தோனியுஸ் ஆகியிருப்பார். 1908-இல் நடைமுறைக்கு வந்த ரோமின் திருமணச் சட்டம் ஒரு நடைமுறையைக் கட்டாயமாக்கியது: ஒருவருக்குத் திருமணம் ஆனால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்ப வேண்டும், அங்கே அவரது ஞானஸ்நான வரியின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். வட ஆர்க்காட்டு ஊரில் ஞானஸ்நானம் பெற்று ஊரிகத்தில் மணம் முடித்தவருக்கு, இரண்டு ஊரையும் இணைக்கும் ஓரக்குறிப்பு அப்படிக் கிடைக்கும். இந்தியத் தொழிலாளி ஒருவரின் புலம்பெயர்வை ஒரே வரியில் காட்டும் ஆவணம் இதைத் தவிர வேறு அதிகம் இல்லை. பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் முதலில் ஓரத்தைப் படிக்க வேண்டும்.

புராட்டஸ்டண்டு குடும்பங்களின் தேடல் எதிர்பாராத திசையில் அமெரிக்காவுக்கே கொண்டுபோகும். குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் வேலை செய்த ஆர்க்காடு மிஷன் 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பக்கம் 1890-களின் நடுவில் வந்த லுத்தரன் மிஷன் அமெரிக்காவின் மிசௌரி சினாடைச் சேர்ந்தது. கோலாரில் 1890 முதல் அமெரிக்க மெத்தடிஸ்டுகள். இவர்களின் ஆண்டறிக்கைகளும் கடிதங்களும் அந்நாட்டு ஆவணக் காப்பகங்களுக்குப் போயிருக்கின்றன. மிஷனரிகளின் எழுத்தில் ஒரு கிராமத்துச் சபை எப்போது உருவானது, பஞ்சத்தில் எத்தனை வீடு காலியானது என்பது இருக்கும். குடும்பப் பெயர் கிடைக்காத இடத்தில் கிராமத்தின் வரலாறாவது கிடைக்கும்.

பௌத்தர்களுக்குப் பத்திரிகை இருந்தது. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ அவர் மறைந்த 1914-க்குப் பின் தடைபட்டு, 1926-இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. சங்கக் கூட்டம், நன்கொடை, கேள்வி பதில் என்று இதழில் வந்த செய்திகளில் சாதாரணத் தொழிலாளர்களும் முழுப்பெயரோடு இடம்பெற்றார்கள். கம்பெனியின் நோட்டில் தலைக்கணக்காக இருந்தவர் அதே ஆண்டு ‘தமிழ’னில் கேள்வி கேட்பவராக இருப்பார். ரேகை கொடுக்க மாட்டேன் என்ற சமூகம் தன் பெயரைத் தானே அச்சடித்துக்கொண்டது என்பதை நான் பெருமையோடு குறிப்பிடுகிறேன். இந்த இதழ்களில் வரும் ஊரும் பேரும் சேர்த்து ஓர் அகராதி இன்னும் செய்யப்பட வேண்டிய வேலை.

6. வீட்டில் இருக்கும் ஆவணங்கள்

6.1 மொய் நோட்டு

ஊரிகத்து வீடுகளின் டிரங்குப் பெட்டியில் கல்யாண மொய் நோட்டு அனேகமாக இருக்கும். நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி அல்லது சிலுவை, கல்யாணத் தேதி, பிறகு வரி வரியாகப் பெயர், ஊர், தொகை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சொத்துப் பிரிக்க அமெரிக்கக் குடியேறிகள் எழுதியது போலவே இதுவும் கொடுக்கல் வாங்கலுக்காக எழுதிய எழுத்து, அதனாலேயே நம்பத்தக்கது.

படிக்கும் முறை இருக்கிறது. முதல் வரி பெரும்பாலும் தாய்மாமன். அவர் ஊர்தான் மணமக்களின் தாய் பிறந்த ஊர். தொகையோடு ‘பித்தளைக் குடம்’, ‘புடவை’ என்று சீர்ப்பொருள் சேர்ந்து வந்தால் அவர் நெருங்கிய சம்பந்தி. ‘பேர்ணாம்பட்டு மாமா’, ‘ஜோலார்பேட்டை பெரியம்மா’ என்று உறவுமுறையோடு ஊர் வரும் வரிகளைத் தனியே பெயர்த்து எழுத வேண்டும். ஒரே குடும்பத்தின் 1950-களின் நோட்டையும் 1980-களின் நோட்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஊர் உறவு விட்டுப்போயிற்று என்பது தெரியும். விட்டுப்போன ஊர்தான் பெரும்பாலும் பூர்வீகம். அங்கே இருந்த கடைசிப் பெரியவர் அந்த இடைவெளியில் இறந்திருப்பார்.

6.2 தீட்டும் கோடியும்

லைனில் பக்கத்து வீட்டுக்காரரையும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அழைக்கும் முறையை வைத்து ரத்த உறவைத் தீர்மானிக்க முடியாது. சாவு வீட்டில்தான் உண்மை வெளிப்படும். யார் தீட்டுக் காத்தார்கள், யார் பந்தம் பிடித்தார்கள் என்று கேட்டால் பங்காளிகள் யார் என்று தெரியும். யார் கோடித் துணி எடுத்து வந்தார்கள் என்று கேட்டால் சம்பந்திகள் தெரிவார்கள். ‘உங்க தாத்தா செத்தப்போ கோடி யாரும்மா கொண்டுவந்தாங்க?’ என்ற ஒரு கேள்விக்கு எண்பது வயது ஆயா சொல்லும் பதில், பத்து ஆவணத்துக்குச் சமம். ‘உங்கள் பூர்வீகம் எது?’ என்று கேட்டால் அதே ஆயா ‘அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்’ என்பார்.

அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கத்தால் ஒரே ஆள் வம்சாவளியில் இரண்டு இடத்தில் வருவார். தாய்மாமனே மாமனாராகவும் இருப்பார். மேல்நாட்டு அட்டவணையில் இதை அடைக்கப் பார்த்தால் ஒருவரையே இருவராக எழுதிவிடுவோம். பங்காளி வரிசையைச் செங்குத்தாகவும் சம்பந்தி உறவைப் பக்கவாட்டிலும் வரைவதே நம் குடும்பங்களுக்கு ஒத்துவரும்.

6.3 குலதெய்வம்

முதல் முடி இறக்க எங்கே போனார்கள் என்பது அடுத்த கேள்வி. ஊரிகத்தில் அம்மன் கோயில்கள் நிறைய இருந்தும், முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பாலாற்றங்கரையின் ஏதோ ஒரு சிற்றூருக்கு வண்டி கட்டிப் போன குடும்பங்கள் பல. தெய்வத்தின் பெயர் பொதுப்பெயராக இருக்கும். கோயில் இருக்கும் இடம்தான் முக்கியம். அங்கே போய்ப் பூசாரியிடம் வரிதாரர் யார் யார் என்று கேட்டால் தங்கவயலுக்குப் போன கிளை எது என்பதைப் பங்காளிகளே சொல்வார்கள். மதம் மாறிய குடும்பங்களில் இந்த வழி அடைபட்டிருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன ஓரக்குறிப்பே துணை.

7. 1950 ஆகஸ்ட் 10

ஆல்காட் தம் வம்சாவளியைப் பதிப்பித்தது குடும்பப் பெருமைக்காக. ஊரிகத்தில் இந்தத் தேடலுக்கு வேறு அவசரம் இருக்கிறது. பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலம் சார்ந்தது. குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10 அன்று தாமோ தம் முன்னோரோ எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்தார்களோ, அந்த மாநிலத்தில்தான் சாதிச் சான்றிதழின் முழுப்பயன் கிடைக்கும். ஆதிதிராவிடர் என்ற பிரிவு கர்நாடகப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை சான்றிதழ் கேட்டுப் போனால், பாட்டன் அந்தத் தேதியில் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழக்கூடும். தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நான வரி, 1950-க்கு முந்திய கம்பெனிச் சீட்டு இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு பெண்ணின் கல்லூரி இடம் நிலைக்கும். சுரங்கம் மூடிய பின் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு உரிமை கேட்பவர்களுக்கும் பணிப்பதிவேடுதான் பேச வேண்டியிருக்கிறது.

எனவே தேடலின் வரிசையை நான் இப்படிச் சொல்வேன். வீட்டில் மூத்த பெண்களிடம் கோடியும் மொட்டையும் பற்றி முதலில் கேட்க வேண்டும்; ஆண்களுக்குச் சுரங்கத்தின் பெயர்கள் தெரியும், பெண்களுக்கே ஊர்களின் பெயர்கள் தெரியும். பிறகு மொய் நோட்டு. அதில் கிடைத்த ஊரை 1911-க்கு முந்திய மாவட்ட எல்லையில் பொருத்திப் பார்த்து, அங்கே உள்ள பங்கு அல்லது சபைப் பதிவேடு. கம்பெனித் தாள் கடைசியில். வீட்டிலிருந்து பெயர்களோடு போனால்தான் அது பேசும். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பணிப்பதிவேடுகளும் நியமனப் படிவங்களும் இன்னும் தாளாகவே கட்டிக் கிடக்கின்ற வரை இந்தக் கடைசிப் படி தனி ஆளின் சக்திக்கு மேற்பட்டது. கர்நாடக ஆவணக் காப்பகம் அவற்றை ஏற்று, பெயர், தந்தை பெயர், பூர்வீக ஊர் என்ற மூன்று தலைப்பில் அட்டவணைப்படுத்த வேண்டும். அந்த அட்டவணை முதலில் தொழிலாளர் குடும்பங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஆய்வாளர்களுக்கு அதற்குப் பிறகு.